மிச்ச அத்தர்

புறங்கையில் கண்ணாடிக் குச்சி தொடுகிறது, குளிர்ச்சி மட்டும் தெரிகிறது, இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்து மூக்கருகே கொண்டுபோகிறேன், ஒன்றுமில்லை, பச்சைத் தண்ணீரில் கழுவிய கை எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது, ஆனாலும் ரோஜா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறேன், இது ரோஜா, பெட்டியில் வலது ஓரத்திலிருந்து மூன்றாவது குப்பி, இன்று என் மகள் மர்ழியா வருகிறாள், நான்கு வருடத்துக்குப் பிறகு இந்த வீட்டுப் படி ஏறப்போகிறாள், பள்ளிக்கூடம் போகிற வயதில் இந்த அத்தரைத்தான் என்னிடம் கேட்டுக் கேட்டுப் பூசிக்கொள்வாள், அதனால் ரோஜா. காரைக்காலில் அவள் கணவன் வழியில் ஒரு கல்யாணம், சார்ஜாவிலிருந்து திருச்சி வந்து இறங்கி, போகிற வழியில் நாகூரில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று போனில் சொன்னாள், வாப்பா என்று ஆரம்பிக்கவில்லை, நான்தான் பேசுறேன் என்று ஆரம்பித்தாள், ஒரு மணி நேரம் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள், எனக்கு ஒரு தடவையே கேட்டுவிட்டது, ஆனால் இரண்டாவது தடவையும் சரிம்மா என்றேன்.

அத்தருக்கு ஊரைக் கூட்டத் தெரியாது, ஒரு முழ தூரத்துக்குத்தான் அதன் ஆட்சி, அதற்குள் வருகிறவருக்கு மட்டும் கேட்கும்படி பேசும், இப்போது அந்த ஒரு முழத்துக்குள் யாரும் வருவதில்லை, காய்கறிக்காரர் தள்ளுவண்டிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு அந்தப் பக்கம், மகள் கடலுக்கு அந்தப் பக்கம், அப்படியும் குளித்துவிட்டு வந்து தினமும் பூசுகிறேன், முப்பத்தொரு வருடப் பழக்கம், மின்வாரியத்தில் வீட்டுக்கு வீடு மீட்டர் பார்க்கிற வேலை, வேர்த்து விறுவிறுத்து யார் வீட்டு வாசலிலோ போய் நிற்கிற பிழைப்பு, நாலு பேர் முகம் சுளிக்கக் கூடாது என்றுதான் தொடங்கினேன், பிறகு அதுவே பைத்தியமாகிவிட்டது. வெட்டிவேர் பூசிய நாளில் பானைத் தண்ணீர் குடித்த நிதானம் வந்துவிடும், கரண்ட் பில் அதிகம் என்று யார் கத்தினாலும் பதிலுக்குக் கத்தமாட்டேன், மல்லிகை பூசி ஒருநாள் பஸ் ஏறினேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பின்னால் திரும்பித் திரும்பிப் பூ வைத்த பெண் யாராவது இருக்கிறாளா என்று பார்த்தார், என்னைப் பார்க்கவேயில்லை, மூன்று நிறுத்தம் வரை தேடினார், எனக்கே பாவமாகப் போய்விட்டது, அகில் கட்டையில் எடுக்கிற ஊது அத்தர் பணக்காரச் சம்பந்தி மாதிரி, வந்தவுடன் கூடத்தின் நடுவில் உட்கார்ந்துகொள்ளும், மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகும் கிளம்பாது, அதைப் பூசிய நாளெல்லாம் தலையை நிமிர்த்தி நடக்கவேண்டியிருக்கும், சாயங்காலம் கழுத்து வலிக்கும், கஸ்தூரி என்ற பேரில் விற்பது அசல் கஸ்தூரி இல்லையென்று தெரியும், தெரிந்தும் பூசுவேன், சலவை செய்த சட்டை போட்டதுபோல் ஒரு மரியாதை. மண் அத்தரை முதல் முதலாகப் பூசிய அன்று, மழை வரப்போகிறதென்று சுலைகா கொல்லைக் கொடியில் கிடந்த துணியை எல்லாம் அள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள், ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள், வெயில் கொளுத்துகிறது, மெதுவாக என் பக்கம் திரும்பினாள், மர்ழியா வாப்பா, நீங்கதானா அது, என்றாள், அள்ளிய துணியை என் மடியிலேயே போட்டு, போய் நீங்களே காயப் போடுங்க என்றாள், போட்டேன், இப்போதும் கொடியில் துணி போடும்போது அந்தச் சிரிப்பு கேட்கிறது, சுலைகா என் மனைவி, போய் நான்கு வருடமாகிறது.

அவளுக்கு என் பெட்டியில் இருந்த எதுவும் பிடிக்காது, உங்க குப்பிகளைத் திறந்தா வீட்டுக்குள்ள பத்து பேர் ஒரே நேரத்துல பேசுற மாதிரி இருக்கு என்பாள், அவளுக்கென்று ஒரே அத்தர், சந்தனம், அதுவும் பெருநாளைக்கு ஒரு தொடல், பீரோவில் சேலை மடிப்புக்குள் தாழம்பூ மடல் வைப்பாள், அது காய்ந்து சருகானாலும் எடுக்கமாட்டாள், பீரோவைத் திறந்தால் சந்தனமும் தாழம்பூவும் சேர்ந்து வந்து முகத்தில் படும், அதைத்தான் நான் சுலைகா என்று நினைத்திருந்தேன், நினைத்திருந்தேன் என்று கூடச் சொல்ல முடியாது, கூடவே இருக்கிறவரை அப்படியெல்லாம் யாரும் நினைப்பதில்லை. போன மழைக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது, பத்து நாளில் போய்விட்டது, போகும்போது மூக்கையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது, முதலில் சளி என்றிருந்தேன், பிறகு ஒருநாள் பால் பொங்கிக் கருகி அடுப்பங்கரை முழுக்கப் புகை வந்த பிறகுதான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன், டாக்டர் வரும் வரும் என்றார், வரவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டுமே. குப்பிகளில் ஒட்டியிருந்த பேர்ச்சீட்டுகளை எண்ணெய் எப்போதோ தின்றுவிட்டது, எனக்குப் பேர் எதற்கு, மூடியைத் திறந்தால் அதுவே சொல்லும் என்று திமிராக இருந்தவன், இப்போது இடத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன், முதலாவது வெட்டிவேர், இரண்டாவது மண், மூன்றாவது ரோஜா, வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் புறங்கையில் ஒரு தொடல் வைப்பது என் வழக்கம், அதையும் விடவில்லை, ஒருவர் மோந்து பார்த்து, மாஷா அல்லாஹ், என்னா அத்தர் இது என்றார், வாய்க்கு வந்த பேர் ஒன்றைச் சொன்னேன், அல்லாஹ்வின் வீட்டில் உட்கார்ந்து பொய், அவர் தலையாட்டி ரசித்தார். முந்தாநாள் வீடு கூட்ட வருகிற அஞ்சலை, பாய், துடைக்கிறப்ப ஒங்க சென்ட்டுப் பொட்டி கவுந்துடுச்சு, ஒண்ணும் ஒடையல, எடுத்து அடுக்கி வெச்சிட்டேன் என்றாள், சரி விடும்மா என்றேன், ஒன்றும் உடையவில்லை என்பதில் திருப்தியாக இருந்தேன், அவள் எந்த வரிசையில் அடுக்கியிருப்பாள் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை, தெரியவில்லை, மகள் வருகிற நினைப்பில் இருந்தேன்.

மகள் வருகிறாள், நாற்காலியை வாசல் பார்த்துப் போட்டு உட்கார்கிறேன், ஜும்ஆத் தொழுகைக்குப் பிந்தைய சோறு கண்ணை இழுக்கிறது, தூக்கத்தில் மட்டும் வாசம் வருகிறது, அங்கே மூக்கு இன்னும் பத்திரமாக இருக்கிறது போல, பீரோ திறந்திருக்கிறது, சுலைகா ஈரத்தலையோடு நிற்கிறாள், மர்ழியா எங்கே என்கிறாள், வந்துகொண்டிருக்கிறாள் என்கிறேன், அவ வர்ற வரைக்கும் இருக்கச் சொன்னா, ஏன் என்னை அனுப்பிட்டீங்க என்கிறாள், இல்லை, உயிரோடு இருந்தவரை இப்படி ஒரு வார்த்தை கேட்டவள் இல்லை, கேட்டது மர்ழியா. நான்கு வருடத்துக்கு முன் ஒரு மாலையில் சுலைகாவின் மூச்சு நின்றது, பிளைட் கெடைச்சிருச்சு வாப்பா, நாளைக்குச் சாயங்காலம் அசருக்குள்ள வந்துடுவேன், உம்மா முகத்தைப் பார்க்கணும், வெச்சிருங்க என்று மர்ழியா போனில் அழுதுகொண்டே சொன்னாள், வைத்திருக்கிறேன் என்றேன், மறுநாள் சித்திரை வெயில், ஜமாஅத்துப் பெரியவர்கள், மையித்தைக் காக்க வைக்கக் கூடாது, மத்தியானம் லுஹர் தொழுகையோடு எடுத்துடலாம் என்றார்கள், அப்போது நான் செய்ததெல்லாம் தலையை ஆட்டியது ஒன்றுதான், ஒரே ஒரு தடவை ஆட்டினேன். உள்ளறையில் பெண்கள் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள், அத்தர் கேட்டார்கள், கடை அத்தர் வேண்டாமென்று அவளுடைய சந்தனத்தில் மிச்சமிருந்ததை ஒரு காலிக் குப்பியில் ஊற்றினேன், என் பெட்டியிலிருந்து தாழம்பூ அத்தர் எடுத்துக் கலந்தேன், தரையில் கொஞ்சம் சிந்தியது, திரைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு வாங்கிக்கொண்டது, பிறகு அதே கை மிச்சத்தைத் திருப்பித் தந்தது, கஃபன் துணிக்குப் பூசியது மிஞ்சினால் வீட்டில் வைக்கக் கூடாது என்பார்கள் எங்கள் வீட்டில், நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அசருக்குப் பயணப் பெட்டியோடு மர்ழியா வந்து நின்றாள், வீடு கழுவிவிட்டிருந்தது, உம்மாவின் தலையணை உறையைக்கூடத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார்கள், அந்த ஈர உறைக்குள் முகத்தை வைத்து மோந்து பார்த்தாள், சோப்பு வாசம்தான் வந்திருக்கும், ஒரு வாசத்தைக்கூட எனக்கு மிச்சம் வைக்கலையே வாப்பா, என்றாள், அவள் அதைச் சொன்னபோது குப்பி என் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு பையில் இருந்தது, எடுத்து நீட்டவில்லை, மையித்துக்குப் பூசியதை உயிரோடு இருக்கிற பிள்ளையிடம் எப்படி நீட்டுவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது பொய், நீட்டியிருந்தால் அவள் என்னை நிமிர்ந்து பார்த்திருப்பாள், அந்தக் கண்ணுக்குப் பயந்தேன். பீரோப் பக்கமே போகாமல் மறுநாள் கிளம்பிவிட்டாள், நாற்பது நாள் முடிந்ததும் சேலைகளையும் கொடுத்தாயிற்று, பீரோ இரும்பு வாசம் அடித்தது, குப்பியை மற்ற குப்பிகளோடு பெட்டியின் கடைசியில் வைத்தேன், நான்கு வருடமாகத் திறக்கவில்லை, மூக்கு இருந்த நாளிலும் திறக்கவில்லை.

கார் நிற்கிற சத்தம் கேட்டு விழித்தேன், மர்ழியா இறங்கினாள், கொஞ்சம் சதை போட்டிருந்தாள், உம்மாவின் நடை, ஸலாம் சொன்னாள், எனக்கு எதிரே சுவரோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள், அதற்கும் எனக்கும் நடுவில் மூன்று முழம் இருக்கும், அளக்காமலே தெரிந்தது, சாயா போடவா என்றேன், வேணாம் குடிச்சிட்டுத்தான் வந்தேன் என்றாள், மாப்பிள்ளை சொகமா என்றேன், சொகம் என்றாள், பிள்ளைகள் என்றேன், ஸ்கூல் இருக்கு, கூட்டிட்டு வரலை என்றாள், மின்விசிறி சுற்றியது, அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள், நான் அவள் செருப்பைப் பார்த்தேன், நான்கு வருடமாக நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகளை மறுபடி மனதுக்குள் முதலிலிருந்து அடுக்கிக்கொண்டிருந்தேன், இந்த ஒரு மணி நேரம் இப்படியே போய்விட்டால் இனி எதற்கு வரப்போகிறாள், நான் கண்ணை மூடினால் என் மவுத்துக்குத்தான் என்று தோன்றியது, வெளியே டிரைவர் ஹார்ன் அடித்தார், அவள் எழுந்தாள், நானும் எழுந்தேன், வரட்டுமா என்றாள், எவ்வளவு கோபம் இருந்தாலும் கிளம்பும்போது பெரியவர்கள் கையைப் பிடித்து முத்தம் வைக்காமல் போகக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது சுலைகா, அந்தப் பழக்கம் இன்னும் இருந்தது, வேண்டாவெறுப்பாகத்தான் என் வலது கையை இரண்டு கைகளாலும் எடுத்துக் குனிந்தாள், குனிந்தவள் நிமிரவில்லை.

என்ன பூசியிருக்கீங்க, என்றாள், ரோஜாம்மா, உனக்குப் பிடிக்குமே என்றேன், ரோஜா இல்லை என்றாள், ரோஜாதான், மூணாவது குப்பி என்றேன், அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள், வாப்பா, ஒங்களுக்கு இது தெரியலையா, என்றாள், வந்ததிலிருந்து முதல் வாப்பா, பொய் சொல்ல முடியவில்லை, மூக்கு போய் எட்டு மாசமாச்சும்மா, எதுவும் தெரியாது, என்ன வாசம் வருதுன்னு நீயே சொல்லு என்றேன், அவள் மறுபடி என் கையில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தாள், தாழம்பூ, என்றாள், அடியில சந்தனம், என்றாள், பிறகு, உம்மா பீரோவைத் தொறந்த மாதிரி இருக்கு வாப்பா, என்றாள். பெட்டி கவிழ்ந்ததும் அஞ்சலை அடுக்கியதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது, உலகத்தில் அந்த வாசம் ஒரே ஒரு குப்பியில்தான் இருக்கிறது, ஏதோ ஒரு அத்தர் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம், நாக்கு நுனி வரை வந்தது, இதுதான் உம்மாவுக்குக் கடைசியாப் பூசினது, நான் கலந்தது, மிச்சம் என்றேன். அவள் கையை விடவில்லை, அன்னிக்கு இது எங்க இருந்துச்சு என்றாள், என் சட்டைப் பையில என்றேன், நான் தலகாணி ஒறையை மோந்துகிட்டு நின்னப்பவா என்றாள், ஆமாம்மா என்றேன். கையை விட்டுவிட்டாள். ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றாள், தோள் குலுங்கியது, ஹார்ன் மறுபடி அடித்தது, தலையாட்டிட்டேன்மா, அன்னிக்கு வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், தலையாட்டிட்டேன், என்னை மன்னிச்சிரும்மா என்று அவள் முதுகிடம் சொன்னேன், எங்கிருந்து வந்ததோ அந்த வார்த்தை, மூன்றாவது குப்பியைக் கொண்டுபோய் ஜன்னல் கட்டையில் அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தேன், எடுத்துட்டுப் போ, எனக்கு இனிமே இது வெறும் எண்ணெய் என்றேன்.

குப்பியை எடுத்தாள், மூடியைத் திருகிக் கண்ணாடிக் குச்சியால் தன் புறங்கையில் ஒரு தொடல் வைத்துக்கொண்டாள், மோந்தாள், முகத்தைத் துடைத்தாள், மறுபடி மோந்தாள், தாழம்பூ கொறைஞ்சுக்கிட்டே வருது வாப்பா, என்றாள், அது அப்படித்தான், முன்னால வந்து முன்னால போயிடும், சந்தனம்தான் நிக்கும் என்றேன், எவ்வளவு நேரம் நிக்கும் என்றாள், உங்க உம்மாவோடது நல்ல சந்தனம், நாளைக்கு வரைக்கும் நிக்கும் என்றேன், அவள் வாசலுக்குப் போனாள், டிரைவரிடம் ஏதோ சொன்னாள், கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது, திரும்பி வந்து சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்து என் நாற்காலியை ஒட்டிப் போட்டாள், அப்ப நாளைக்குப் போறேன், கையைக் குடுங்க என்றாள். புறங்கையில் கண்ணாடிக் குச்சி தொடுகிறது, குளிர்ச்சி மட்டும் தெரிகிறது, பிறகு அவள் குனிகிறாள், அந்தக் குளிர்ந்த இடத்தில் மூச்சு சுடச்சுட வந்து படுகிறது, நான் காத்திருக்கிறேன், சொல்லும்மா என்கிறேன்.