நாலு மணிக்குத் திரும்பும் படகு

ஹெந்தலையில் படகேறியதிலிருந்து அனுஷியா மூன்று தரம் கொட்டாவி விட்டுவிட்டாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் நிறைந்ததற்கு ஜெயகுமார் ஒழுங்குசெய்த பயணம். கால்வாய் வழியே நீர்கொழும்புப் பக்கம் போய், இரண்டு இடத்தில் இறங்கிப் பார்த்து, நாலு மணிக்குத் திரும்ப வேண்டும். கொட்டாஞ்சேனை வீட்டில் படுக்கையாய்க் கிடக்கும் மாமாவை ஒருநாள் பார்த்துக்கொள்ள வத்தளையிலிருந்து ஜெயகுமாரின் அக்கா, மச்சாள் ஜெயராணி வந்திருந்தாள்.

நாலு வருஷமாக மாமாவைத் தூக்கித் திருப்பியதில் அனுஷியாவின் இடுப்பு விட்டுப்போயிருந்தது. வருஷத்தில் இரண்டு மாதமாவது மச்சாள் அவரை வைத்திருக்கலாமா என்று இன்று புருஷனிடம் கேட்டுவிட வேண்டும்.

முதலில் இறங்கியது கரையோரத் தேவாலயத்தில்.

"சிரியனப்பா, படம் எடுக்கிறன்," என்று ஜெயகுமார் போனை அவள் பக்கம் நீட்டினான்.

"முகத்துக்கும் ஒருநாள் லீவு தாங்கோ."

சதுப்புக்குள் நுழைந்ததும் பறவைகள் கலையாமலிருக்கப் படகோட்டி எஞ்சினை நிறுத்தித் துடுப்பை எடுத்தான். அவனோடு காலையிலிருந்து சிங்களத்திலேயே கதைத்தார்கள். அவனுக்குத் தமிழ் தெரியாதென்ற துணிவில் அவள் தமிழில் கேட்டுவிட்டாள்.

ஜெயகுமார் கரையில் பெரிய உடும்புபோலக் கிடந்த கபரகொய்யாவைப் பார்த்தபடி சொன்னான்: "அக்கா போன வருஷமே தான் வைச்சிருக்கிறனெண்டு கேட்டவ. நான்தான் வேண்டாமெண்டனான். மகன் இருக்கேக்க அப்பாவை மருமகன் வீட்டில விட்டா சனம் என்ன கதைக்கும்?"

"சனமே வந்து மாமாவைத் தூக்குது?"

மச்சாள் கேட்டதையே அவன் சொல்லாமல் வைத்திருந்தது ஒரு வருஷம். அழக்கூட அவளுக்கு அலுப்பாயிருந்தது.

அடுத்த துறையில் படகோட்டி கயிற்றைக் கட்டினான். "அம்மா எறங்க வேணாம். களைச்சிப் போயிருக்கீங்க."

இருவரும் திடுக்கிட்டார்கள்.

"தமிழ் தெரியுமோ?" என்றான் ஜெயகுமார்.

"நான் நீர்கொழும்பு ஆள்தானே ஐயா. வீட்டுல ரெண்டும் பேசுவோம்."

"அப்ப எல்லாம் கேட்டனீரோ?"

"எஞ்சின் சத்தத்துல என்னத்தக் கேக்குறது?" என்று சொல்லிவிட்டு, நின்றுகிடந்த எஞ்சினைத் துடைக்கத் தொடங்கினான்.

அனுஷியா பையைத் தலைக்கு வைத்துப் பலகையில் சாய்ந்தாள். நிமிஷத்தில் தூங்கிப்போனாள். இறங்கிப் பார்க்க ஜெயகுமாருக்கும் மனம் வரவில்லை. வெயில் அவள் முகத்தில் விழுந்தது. குடையை விரித்துப் பிடித்தான். கொஞ்ச நேரத்தின் பின் மற்றக் கையால் போனை எடுத்தான்.

"அக்கா," என்றான் மெதுவாக. "அப்பாவைப் பற்றிப் போன வருஷம் கேட்டீங்களெல்லோ..."

அந்தப் பக்கம் கேட்கவில்லை. சிக்னல் விட்டுவிட்டு வந்தது. படகோட்டியை ஒருதரம் பார்த்தான். பிறகு எழுந்து நின்று, சதுப்பு முழுக்கக் கேட்கும்படி கத்தினான்:

"அப்பாவை ரெண்டு மாசம் உங்கட வீட்டில வைச்சிருக்க ஏலுமோ அக்கா?"