எக்ஸ்பெதி சாமியின் சிவப்புத் துணி

ரோஸ்மேயை ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. போன வருஷம் தீவின் எரிமலைமேல் நடந்த ஓட்டப் பந்தயத்தில் பாதிவழிச் சாவடிக்கு நாலு நிமிடம் தாமதமாக வந்து வெளியேற்றப்பட்டாள். மறுநாளே பக்கத்து வீட்டு மாட்டுப்பண்ணைக்காரன் கிளோவிஸ் அவளுக்கு 'நாலு நிமிஷம்' என்று பேர் வைத்துவிட்டான். ரொட்டிக்கடையில்கூட, "நாலு நிமிஷம், உனக்கு எத்தனை ரொட்டி?" என்றுதான் கேட்டார்கள். ஐம்பத்து நாலு வயதில், பள்ளிச் சமையலறையில் நாளெல்லாம் நின்றுவிட்டு மாலையில் மலையேறிப் பழகியவளுக்கு அது ரொம்பவே வலித்தது.

அதனால் இந்த வருஷம் எக்ஸ்பெதி சாமியிடம் போனாள். அவசரக் காரியமென்றால் அவர்தான். கேட்டதைச் சட்டென்று கொடுப்பார்; குறுக்கே நிற்பவரைச் சும்மா விடமாட்டார். பன்னிரண்டு மணிக்குள் சாவடியைத் தாண்ட வைத்தால் புதுச் சிவப்புப் போர்வை சாத்துவதாக வேண்டிக்கொண்டாள். மலைச்சரிவில் அவர் சிலை இருந்த சின்னக் கூண்டைச் சுற்றி, வேண்டிக்கொண்டவர்கள் கட்டிய நூறு சிவப்புத் துணிகள் ஏற்கெனவே தொங்கின. அந்தக் கூட்டத்தில் தன்னுடையதை அவர் எங்கே பார்க்கப் போகிறார் என்று, கொஞ்சம் மேலே, பாதை இரண்டாகப் பிரியும் இடத்துப் புதரில் முடிந்துவிட்டு வந்தாள். பெரிய புத்திசாலிதான்.

ஓட்டத்தன்று மூடுபனி. எத்தனையோ வருஷமாக வழிகாட்ட மஞ்சள் நாடா கட்டியவர்கள் இந்த முறை சிவப்புக்கு மாறியிருந்தார்கள். பாதை பிரியும் இடத்துக்கு வந்தபோதுதான் ரோஸ்மேக்கு உறைத்தது. இடப்பக்கம் ஓட்டத்தின் நாடா. வலப்பக்கம் அவள் துணி. கறுப்புச் சாம்பலில் புதிய காலடித் தடம் வலப்பக்கம் இறங்கியது. கீழே மாட்டுமணிச் சத்தம். பையில் மணி கட்டிக்கொண்டு ஓடுகிறவன் தீவிலேயே கிளோவிஸ் ஒருவன்தான்.

மணி பதினொன்று பத்து. சாவடிக்கு முக்கால் மணி நேர ஓட்டம். "ஒழியட்டும் சனியன்," என்று இடப்பக்கம் பத்தடி ஓடினாள். ஆனால் வலப்பக்கப் பாதை, கூண்டைத் தாண்டினால் நேரே பள்ளத்தில் போய் முடியும். திரும்பி வந்து துணியை அவிழ்த்துப் பையில் திணித்துக்கொண்டு இறங்கினாள்.

சாமிக்கு எதிரே உட்கார்ந்து சமோசா தின்றுகொண்டிருந்தான் கிளோவிஸ்.

"அட, நாலு நிமிஷம்! நீயும் வழி தவறிட்டியா?"

"வாய மூடிட்டு எந்திரிடா. இதுக்கு மேல போனா பள்ளம்."

அவர்கள் சாவடியை அடைந்தபோது மணி பன்னிரண்டு நாலு. குறுக்கே கட்டிய கயிற்றுக்கு முன்னால் மீசைக்காரர் ஒருவர், தாமதமாக வருகிறவர்களின் மார்பில் குத்திய எண்ணை வெட்டிவிடக் கத்தரிக்கோலுடன் நின்றார்.

"நில்லுங்கய்யா," என்று மூச்சிரைக்கச் சொன்னான் கிளோவிஸ். "இவ கீழ எறங்கி வந்து என்னை மீட்டா. உதவினவங்களுக்கு நேரம் கொடுக்கணும்னு உங்க சட்டத்துலயே இருக்கு."

"இருக்கு. சரி, ஓடுங்கம்மா."

ரோஸ்மேக்குக் கால் நகரவில்லை. பையிலிருந்து துணியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இவன் வழி தவறினதே இதாலதான். நான்தான் கட்டினேன்."

மீசைக்காரர் தீச்சட்டியைத் தொட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார்.

"எக்ஸ்பெதி துணியா? எடும்மா முதல்ல! என்னன்னு வேண்டிக்கிட்ட?"

"இந்தச் சாவடியத் தாண்ட வச்சா புதுப் போர்வை சாத்துறேன்னு."

அவர் தான் நிற்கும் இடத்தைக் குனிந்து பார்த்தார். கயிற்றை அவிழ்த்துவிட்டு மூன்றடி தள்ளி நின்றார்.

"நான் குறுக்க நிக்கல. சாமிகிட்ட அதையும் சொல்லிடு. ரெண்டு பேரும் ஓடுங்க."

கிளோவிஸ் அவளையே பார்த்தான். திட்டப்போகிறான் என்று ரோஸ்மே பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"போர்வை ரெண்டா வாங்கணும், ரோஸ்மே. ஒண்ணு என்னோடது," என்று சொல்லிவிட்டு அவன் ஓடத் தொடங்கினான்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு மணிச்சத்தத்தின் பின்னாலேயே ஓடினாள்.