சாம்பலில் கை வைக்காதவர்

வாத்தியாருக்கு அன்று காலை வேனில் ஏறியதிலிருந்தே யாரையும் பிடிக்கவில்லை. பிடிக்காமல் போவது அவருக்குப் புதிதில்லை. காட்டில் கூடாரம் அடிக்கவும் தீ மூட்டவும் கத்தி பிடிக்கவும் பதினெட்டு வருஷமாக ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். அந்தப் பதினெட்டு வருஷத்தில் ஜனங்களைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வாய் வந்ததில்லை.

இந்த முறை ஆறு பேர். அதில் ஒரு பல் டாக்டர். உச்சி முதல் உள்ளங்கால் வரை புதுசு. பையின் ஓரத்தில் விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. இடுப்பில் ஒரு கத்தி, ஆட்டையே அறுக்கலாம் அவ்வளவு நீளம்.

"எதுக்கு சார் இது? காட்டுல யாருக்காவது பல்லு பிடுங்கப் போறீங்களா?" என்றார் வாத்தியார்.

எல்லாரும் சிரித்தார்கள். பல் டாக்டரும் சிரித்தார், பாவம்.

சிரிக்காதவன் மைத்துனன் ஒருவன்தான். வாத்தியார் மனைவியின் தம்பி, முப்பத்தைந்து வயது. செல்போன் கடையில் ஸ்கிரீன் ஒட்டிக்கொண்டிருந்தவன், கடை மூடியதும் அத்தான் பின்னால் பை தூக்கி நடந்து தொழில் கற்றான். பதினாலு மாதத்துக்கு முன்னால் வாத்தியார் ஈரப் பாறையில் சறுக்கி விழுந்து வலது முழங்கால் நொறுங்கியது. இரண்டு ஆபரேஷன், ஒரு தகடு, எட்டு திருகு. அவர் கட்டிலில் கிடந்த காலம் முழுக்க வகுப்பை நடத்தியது இவன்தான். நன்றாக நடத்தினான் என்று நாலு பேர் சொன்னதை வாத்தியாரால் தாங்க முடியவில்லை. ஸ்கிரீன் ஒட்டுகிறவன் நன்றாக நடத்துகிறானாம்.

முகாமுக்குச் சொந்தக்காரியான முதலாளியம்மா கறாராகச் சொல்லியிருந்தார்.

"இந்த ஒரு நாளை ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் நீங்களே நடத்திக் காட்டுங்க. முடிஞ்சா வகுப்பு மறுபடி உங்களுது. முடியலேன்னா உங்க மச்சானே பாத்துக்கட்டும். எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

ரெண்டு பேரும் ஒண்ணாம். அந்த ஒரு சொல்லே அவருக்கு மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

நடக்க முடிந்தது. நிற்க முடிந்தது. முழங்கால்தான் மடங்கவில்லை. மண்டி போட்டால் எழுப்ப இரண்டு ஆள் வேண்டும். வீட்டில் மனைவிக்கு மட்டும் தெரியும். "முடியலேன்னா முடியலேன்னு சொல்லிடுங்களேன், தலையா போயிடும்?" என்று அவள் கேட்டாள். அதற்குப் பதில் சொல்வதுகூடத் தன் மரியாதைக்குக் குறைவு என்று நினைத்து வந்துவிட்டார்.

அதனால் அன்று முழுக்க வாத்தியார் குனியவே இல்லை. இடுப்பில் கை வைத்து நின்றபடி அதட்டினார். சுள்ளி பொறுக்கியவர்களை, "வீட்டுல விளக்குமாறுகூடப் பிடிச்சதில்லையா?" என்றார். அந்த ஆறு பேரில் ஒருத்தியான புதுப்பெண் கயிற்றில் முடிச்சுப் போட்டதைப் பார்த்து, "அது முடிச்சா, சிக்கலா?" என்றார். தீக்கல்லில் பொறி வராமல் பல் டாக்டர் அரை மணி நேரம் மண்டி போட்டுத் திணறினார். பழைய வாத்தியார் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, கல்லின் சாய்வைத் திருத்தியிருப்பார். இந்த வாத்தியார் மேலே நின்று நக்கலடித்தார். அத்தனை பேரும் அதைக் கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள்.

தீ மூட்டிய இடமும் சரியில்லை. வழக்கமாக ஓடைக்கரை மணலில்தான் மூட்டுவார்கள். அதற்குச் செங்குத்தான சரிவில் இறங்க வேண்டும். வாத்தியார் சரிவைப் பார்த்தார், காலைப் பார்த்தார், "இன்னிக்கு மேலேயே மூட்டலாம்" என்று ஒரு பெரிய மரத்தின் ஓரத்தைக் காட்டினார். சருகு மக்கிய மண், அடியில் காய்ந்த வேர்கள். முதல் பாடமே அந்த மாதிரி மண்ணில் தீ மூட்டக்கூடாது என்பதுதான். மைத்துனன் ஒருமுறை மண்ணைப் பார்த்தான், ஒருமுறை அத்தானைப் பார்த்தான். பிறகு சுள்ளிக்கட்டை அங்கேயே இறக்கினான்.

மூன்று மணிக்குச் சாப்பிட்டு முடித்துத் தீயை அணைத்தார்கள். நாலு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். புகை நின்றது. இதற்கப்புறம் ஒரு சட்டம் உண்டு, வாத்தியாரே போட்ட சட்டம். வகுப்பை நடத்துகிறவர் மண்டி போட்டு, வெறும் உள்ளங்கையைச் சாம்பலுக்குள் விட்டு, சாண் சாணாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் 'அணைந்தது' என்று சொல்ல வேண்டும். கண்ணை நம்பாதே, கையை நம்பு என்பார்.

வாத்தியார் ஷூ நுனியால் சாம்பலைக் கிளறினார். "அணைஞ்சாச்சு. கிளம்புங்க."

"அத்தான், கை வெச்சுப் பாத்தீங்களா?" மைத்துனன் தணிந்த குரலில்தான் கேட்டான்.

வாத்தியாருக்குச் சுரீர் என்றது. காலையிலிருந்து கூடவே வந்த முதலாளியம்மா வேறு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா? ஸ்கிரீன்ல குமிழி இல்லாம ஒட்டத் தெரிஞ்சுக்கோ முதல்ல. அப்புறம் தீயைப் பத்திப் பேசலாம்."

ஆறு பேரும் சிரித்தார்கள். பல் டாக்டர்தான் அதிகம் சிரித்தார், இந்த முறை தான் மாட்டவில்லை என்ற நிம்மதி. மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டு குடத்தை எடுத்தான்.

மேலே பாதைக்கு ஏறி வேனில் உட்கார்ந்ததும் முதலாளியம்மா கை நீட்டினார். "நல்லா நடத்துனீங்க. அடுத்த மாசத்துலேர்ந்து நீங்களே எடுத்துக்கங்க." வாத்தியார் கையைக் குலுக்கினார். நெஞ்சு நிறைந்திருந்தது. பதினாலு மாதம் கழித்து அன்றுதான் தான் ஒரு ஆள் என்று தோன்றியது.

எல்லாரும் ஏறியும் மைத்துனன் வரவில்லை. பத்து நிமிஷம், இருபது நிமிஷம் ஆயிற்று. "சோம்பேறிப் பய" என்று வாத்தியார் முனகினார்.

அவன் வந்தான். முழங்கை வரை கரி, சட்டையெல்லாம் சேறு. வலது உள்ளங்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கொப்புளம். குடத்தை வண்டியில் போட்டுவிட்டுப் பின் சீட்டில் உட்கார்ந்தான்.

"என்ன ஆச்சுப்பா?" என்றார் முதலாளியம்மா.

"ஒண்ணுமில்லம்மா. குடம் கழுவினேன்."

குடம் கழுவினால் கொப்புளம் வராது. வாத்தியாருக்கு எல்லாம் விளங்கியது. தீ வேருக்குள் போயிருக்கிறது. இவன் தனியாகத் தோண்டி, வேரை வெட்டி, ஓடைக்கு ஏறி இறங்கி அணைத்திருக்கிறான். அணைத்துவிட்டு வாயையும் மூடிக்கொண்டான். அது மட்டும் நடக்காமலிருந்தால் ராத்திரிக்குள் மரம் பற்றியிருக்கும், விடிவதற்குள் காடு போயிருக்கும். இவனுடைய இரக்கத்தில் கிடைத்த வகுப்பை எடுத்துக்கொண்டு எந்த முகத்தோடு நிற்பது?

"அம்மா, அவன் பொய் சொல்றான்" என்றார் வாத்தியார். "தீ அணையல, இவன்தான் தோண்டி அணைச்சிட்டு வந்திருக்கான். நான் கை வெச்சுப் பாக்கல. எனக்கு மண்டி போட வராது. அதை வெளிய சொல்லப் பிடிக்கல, அணைஞ்சாச்சுன்னு சொல்லிட்டேன். தீயை மூட்டுன இடமும் தப்பு. வகுப்பை அவன்கிட்டயே குடுங்க."

முதலாளியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி" என்றார். அவ்வளவுதான். டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். மடியில் ஒரு நோட்டு, அன்று வாத்தியார் சொன்னது ஒவ்வொன்றையும் அதில் எழுதி வைத்திருந்தார். தீ மூட்டும் இடத்தைப் பற்றிய வரியை மட்டும் இப்போது பேனாவால் அடித்திருந்தார். அவர் முகத்தில் நக்கல் துளியும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சார், அப்போ மிச்சத்துல எதெல்லாம் அடிக்கணும்?"