பூசையில் வைத்த பெட்டி

ஆயுதபூசைக்காக மாடி அறையில் இருந்த கம்ப்யூட்டர் சர்வரின் முகத்தில் இட்ட சந்தனம் இன்னும் உலரவில்லை. அதன் பிளக் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்தது. சாமந்திச்சரம் வாங்கிவரக் கடைத்தெருவுக்குப் போயிருந்த சத்யப்ரியா, சரத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“யாருண்ணே புடுங்கினது?”

“நான்தான்,” என்றார் மேனேஜர் ஜெயக்குமார், குங்குமக் கிண்ணத்தைக் கீழே வைத்தபடி. “ஊர்ல இருக்கற தறியெல்லாம் ஓய்வா இருக்குது, இது மட்டும் உறுமிக்கினு இருந்தா எப்டிம்மா? பில்லு மிஷினை வருசாவருசம் இப்டித்தான் புடுங்கி வெச்சிப் படைக்கிறோம்.”

“நானே வந்து முறையா நிறுத்துறேன்னு சொன்னேனே.”

“அணைக்கறதுல இன்னாம்மா முறை? அது பாட்டுக்கு அணைஞ்சிடுச்சி.”

அவள் பிளக்கை மாட்டினாள். விசிறி சுழன்றது. திரையில் வெள்ளெழுத்துகள் சில ஏறின. ஹார்ட் டிஸ்க்கைப் படிக்க இயலவில்லை என்ற வரியோடு நின்றுவிட்டன. மீண்டும் முயன்றாள். அதே வரி.

பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை அது. புடவைகளின் கரையும் முந்தானையும் வரைந்த படங்கள் யாவும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. மறுநாள் விஜயதசமி. விடியலில் பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் புதுப் புடவை தொடங்குவது வழக்கம். படங்கள் இல்லாமல் எதைத் தொடங்குவது?

சென்ற ஆண்டுவரை சென்னையிலிருந்து ஒருவன் வந்து இந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டான். பில் கவுண்டரில் இருந்த அவள், அவன் போனபின் கதவு திறக்காத ஒரு கருவறையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பிறகு வாலாஜாபாத்தில் தன் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு தானாகவே கற்கத் தொடங்கினாள். யார் எதைத் திறக்கலாம், யாருக்கு எது கூடாது என்று வகுக்கக் கற்றாள். பெட்டி தன் நோவைத் தானே எழுதிவைக்கும் இடத்தைத் தேடிப் படிக்கக் கற்றாள். தவறான கட்டளை ஒன்றைத் தட்டி அனைத்தையும் துடைத்தெறிந்துவிட்டு, அழுது, மறுபடியும் முதலிலிருந்து ஏற்றினாள். பதிகத்தை மனனம் செய்கிறவள் பொருள் விளங்குமுன் ஓசையைப் பற்றிக்கொள்வதுபோல், கட்டளைகளைப் பேருந்தில் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். முதலாளி சபாபதி ஒரு நிபந்தனையோடு அறையை அவளிடம் ஒப்படைத்தார்: பெட்டிக்கு ஏதேனும் ஆனால் அவள் திரும்பவும் பில் கவுண்டருக்குப் போக வேண்டும்.

அன்றாடம் கடை சாத்துமுன் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து இரும்புப் பீரோவில் வைத்தாள். ஆனால் அந்தப் பிரதியிலிருந்து இங்கே எதையும் மீட்டுப் பார்த்ததில்லை. மீளாத பிரதி பிரதியே அன்று என்பதை அவள் அறிவாள்.

பட்டுவேட்டியும் நீறுமாக மேலே வந்த சபாபதி நடந்ததைக் கேட்டார்.

“சரி வுடு. பூசையில வெச்சதை இன்னிக்குத் தொடக் கூடாது. நாளைக்கு மெட்ராஸ் ஆளு வந்து பாக்கட்டும்.”

“அவரு மத்தியானத்துக்கு மேலதான் வருவாரு. தறிக்காரங்க படம் கேட்டு விடியக்காலையில வந்து நிப்பாங்கய்யா.”

“முறைன்னு ஒண்ணு இருக்குது இல்ல?”

கடையின் பின்கட்டிலிருந்து வடை வேகும் வாசனை படியேறி வந்தது.

“அடுப்பும் ஆயுதம்தானேய்யா,” என்றாள் சத்யப்ரியா. “அதுக்கும் பொட்டு வெச்சிருக்குது. உங்க வீட்டம்மா காலையிலருந்து அதைத் தொட்டுக்கினுதான் இருக்காங்க. அதை யாரும் நிறுத்தச் சொல்லலயே.”

ஜெயக்குமார் சிரித்துவிட்டு, முதலாளியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“வாயி நீளுது,” என்றார் சபாபதி. “நீ கை வெச்சி இன்னும் கெட்டுச்சின்னா பழி உன்மேலதான். ஜெயக்குமாரு புடுங்கினதைப் பேச மாட்டேன்.”

“பேச வேணாம்யா. பீரோ சாவியைக் குடுங்க.”

அவர் அசையவில்லை. அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. இந்த ஊரின் அம்மை ஆற்றுமணலால் இலிங்கம் செய்து பூசித்தவள். வெள்ளம் பெருகி வந்தபோது விலகி நின்று முறை கேட்கவில்லை, இலிங்கத்தை மார்போடு தழுவிக்கொண்டாள். இதை அவரிடம் சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை. அவர் நாள்தோறும் அந்தச் சந்நிதிக்குப் போகிறவர்.

சாவி மேசைமேல் விழுந்தது.

உதிரியாக வாங்கிவைத்திருந்த டிஸ்க்கைப் பெட்டிக்குள் பொருத்தி, அதில் அடிப்படையிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றினாள். கீழே மணியடித்துப் படையல் முடிந்தது. சாப்பிடக் கூப்பிட்டார்கள், அவள் போகவில்லை. பிறகு பிரதியை இணைத்து, கட்டளையை இருமுறை படித்து, தட்டினாள்.

நெடுநேரம் ஒன்றும் இல்லை. பின் படங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாய்த் திரையில் ஏறலாயின. மயில்கண். ருத்ராட்சம். யாளி. எப்போது வந்தாரோ, சபாபதி அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, உதடசைய அவற்றைப் படித்துக்கொண்டிருந்தார். இருதலைப்பட்சி. தாழம்பூ. அங்கே நின்றது. வரியின் முனையில் சிறு கட்டம் ஒன்று மின்னி அணைந்தது, மின்னி அணைந்தது.

“நின்னுடுச்சா?”

“பெரிய படம்யா,” என்றாள், திரும்பாமல். விரல்கள் விசைகளின்மேல் அப்படியே இருந்தன.