கம்பெனி ஒத்துக்காது

கடைசித் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கணக்காளர் சொன்னார்: "அவ்வளவுதான். லிமிடெட் கம்பெனி போச்சு. இனி உங்க பேர்லயே தொழில். வருஷா வருஷம் எனக்குத் தண்டம் அழ வேண்டாம்."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கட்டும். நீங்க மாட்டின கண்ணாடி உடைஞ்சு யாருக்காவது அடிபட்டா, இதுவரைக்கும் வழக்கு பெரும்பாலும் கம்பெனியோட நின்னிருக்கும். இனி உங்க வீடு வரைக்கும் வரும்."

கண்ணாடிக்காரர் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் செலவு குறையும் என்பதை மட்டும் சொன்னார்.

முடியாது என்ற சொல் அவர் வாயில் வராது. கம்பெனிதான் அவருக்காக அதைச் சொல்லிவந்தது. யாராவது ஏடாகூடமாக எதையாவது கேட்டால், "எனக்கென்ன, செஞ்சு குடுத்துடுவேன். கம்பெனி ஒத்துக்காது" என்பார். கம்பெனி என்பது அவரும் ஒரு பழைய வேனும்தான். கேட்டவர்கள் கம்பெனியைத் திட்டுவார்கள். அவரும் கூடச் சேர்ந்து திட்டுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் கூப்பிட்டார். மனைவியின் அண்ணன். கண்ணாடிக்காரர் வேலையில்லாமல் நின்றபோது குடும்பத்தோடு தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர். இப்போது மூன்றாவது மாடியில் புது வீடு. பால்கனிக்கு இன்னும் தடுப்பு இல்லை. சுவரோரம் பெரிய கண்ணாடிகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

"மூடின கடையோட ஷோகேஸ் கண்ணாடி, மாப்ள. எடுத்துட்டுப் போங்கன்னான், அள்ளிட்டு வந்துட்டேன். வெட்டி இங்க மாட்டிவிட்டுரு. சாயங்காலம் இதுல சாஞ்சு நின்னு டீ குடிக்கணும்."

கண்ணாடிக்காரர் குந்தி உட்கார்ந்து மூலைகளைத் தடவினார். எளிதில் உடையாதபடி சூட்டில் இறுக்கிய கண்ணாடிக்கு உண்டான முத்திரை எதிலும் இல்லை. சாதாரணக் கண்ணாடி. எழுந்து கீழே பார்த்தார். சிமென்ட் தரை.

"மச்சான், கம்பெனி..."

"எந்தக் கம்பெனி? அதான் இழுத்து மூடிட்டியாமே, தங்கச்சி சொன்னா. இனி நீதான் ராஜா, நீதான் மந்திரி."

"இது தாங்காது மச்சான்."

"கடையில அத்தனை வருஷம் நிக்கலையா?"

"அங்க யாரும் சாயலை."

"அட, மாட்டுப்பா. நான் கேட்டு நீ இல்லேன்னு சொல்லிடுவியா?"

மாட்டிவிடலாம். பத்து வருஷம் நிற்கலாம். அடுத்த வாரமே உடைந்தும் போகலாம். கையிலிருந்த தூசியைத் தட்டினார்.

"நான் மாட்ட மாட்டேன்."

மச்சான் முகத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. "சரி. வேற ஆளா இல்லை?" என்று உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "அண்ணனை எடுத்தெறிஞ்சு பேசினீங்களாமே?"

கண்ணாடியைப் பற்றிச் சொன்னார். வேறு வழியில்லாமல், இனி வழக்கு வந்தால் தங்கள் வீடே போகலாம் என்பதையும் சொன்னார்.

"இதை எப்போ சொல்றதா இருந்தீங்க?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்..."

"நம்ம பஞ்சாயத்து அப்புறம்" என்றவள் போனை அழுத்தினாள். "அண்ணா, அந்தக் கண்ணாடியை எவன் வந்து மாட்டினாலும் சரி, என் பிள்ளைங்க உன் வீட்டுப் படி ஏறாது... அவர் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. எனக்கு வாய் இல்லையா?... நீ விழுந்தா அண்ணியை யார் பார்ப்பா, நானா?"

பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் போனை நீட்டினாள். "உங்ககிட்ட பேசணுமாம்."

"சொல்லுங்க மச்சான்."

"என்ன கண்ணாடி வாங்கணும்? சொல்லித் தொலை."

சொன்னார்.

"சரி, வாங்கிடறேன். ஆனா கேட்டுக்கோ மாப்ள. மாட்டப் போறது நீ, சாயப் போறது நான். உடைஞ்சா நீதான் பொறுப்பு."

"சரி மச்சான்" என்றார்.