காத்திருப்பு அறையில் இருவர்

எம்லின் பஸ் ஓட்டுவதை நிறுத்தி ஒரு குளிர்காலம் போயிருந்தது. ஓட்டுவதை மட்டுமல்ல, பஸ் போகும் தெருவில் நடப்பதையும் விட்டுவிட்டான். ரோண்டா பள்ளத்தாக்கில் பெரிய தெரு என்று இருப்பது ஒன்றுதான். அதில் பஸ் போகாத இடம் கிடையாது. அதனால் அவன் வீட்டுக்குப் பின்னால் உள்ள சந்து வழியாக மலையேறுவான். ஆடுகளுக்கு நடுவே நனைந்துகொண்டு நின்றுவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கி வருவான்.

நவம்பரில் ஒரு மழை நாளில், டெய்லோ என்ற இளைஞன் அவனுடைய பஸ்ஸின் முன்னால் வந்து விழுந்து இறந்துபோனான். போலீஸ் எம்லின் மேல் குற்றம் எதுவும் சொல்லவில்லை. வண்டி அப்போதுதான் நிறுத்தத்தைவிட்டுக் கிளம்பியிருந்தது, வேகம் இல்லை, பிரேக்கும் சரியாக இருந்தது. பஸ்ஸின் காமிராவில் மழைத்தண்ணீரும் விளக்கு வெளிச்சமும் தவிர ஒன்றும் பதிவாகவில்லை. கம்பெனியில் தோளைத் தட்டிக்கொடுத்து லீவு தந்தார்கள். லீவு முடிந்த பிறகும் அவனால் ஓட்டுநர் இருக்கையில் உட்கார முடியவில்லை.

டாக்டர் கவுன்சலிங்குக்கு எழுதிக் கொடுத்தார். அரசு மருத்துவமனையில் வரிசை நீளம், கோடை கழிந்துதான் கூப்பிடுவார்கள் என்றார்கள். கார்டிஃப் நகரத்தில் தனியாகப் பார்ப்பவர்கள் கேட்கும் தொகை பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் மனைவி நெரிஸின் சம்பளத்தில் கட்டுப்படியாகாது. ஒருநாள் வேலை முடிந்து வந்த நெரிஸ், கோட்டைக்கூடக் கழற்றாமல் கணவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"மேல்தெரு ஜெபக்கூடம் மூடிக் கிடந்துச்சே, அதுல மனநலத்துக்குன்னு நம்ம ஊர்க்காரங்களே ஒரு அமைப்பு நடத்துறாங்களாம். முடிஞ்சதைக் குடுத்தா போதுமாம். வியாழக்கிழமை உனக்கு இடம் சொல்லிட்டேன்."

"போய் என்னத்தைச் சொல்றது? பஸ் ஓட்டினேன், ஒரு பையன் செத்தான். ஒரே மூச்சுல முடிஞ்சுரும். மிச்ச நேரம் அங்க இருக்கறவங்க மூஞ்சியைப் பாத்துட்டு உக்காரணுமா?"

"பாத்துட்டு உக்காரு. இங்க என் மூஞ்சியைக்கூட நீ பாக்கறதில்ல."

அவன் போனான்.

ஜெபக்கூடத்தின் பின்னறையில் பெரில் என்ற வயதான பெண்மணி மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். சம்பளம் வாங்காமல் வேலை செய்பவள். "வாங்க ராசா. டீ போடவா? காபி கேக்காதீங்க, அதை வாயில வைக்க முடியாது. காசா? அந்த டப்பாவுல உங்களால ஆனதைப் போடுங்க. போன வாரம் ஒருத்தர் முட்டை கொண்டாந்தார், அதையும் வாங்கிக்கிட்டேன்."

அவனுக்கு ஒதுக்கப்பட்ட ஆலோசகர் டெலித். நரைத்த தலை, நிதானமான குரல். முதல் சில வாரங்கள் எம்லின் அவளிடம் தூக்கம் வராததைப் பற்றியும் மலைமேல் ஆடுகளைப் பற்றியும் பேசினான். அவளும் அவசரப்படுத்தவில்லை. சொல்லப்போனால் அந்த அறையைவிட அதற்கு வெளியே இருந்த காத்திருப்பு அறைதான் அவனுக்குப் பிடித்துப்போனது. அங்கே ஒரு பெண் அவனைப் போலவே நேரத்துக்கு முன்னால் வந்து, கோட்டைக் கழற்றாமல் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். கிட்டத்தட்ட அவன் வயதுதான் இருக்கும். இன்னொரு ஆலோசகரைப் பார்க்க வருபவள். பெயர் எலுனெட்.

"உங்க பேச்சு இந்தப் பக்கத்துப் பேச்சா இல்லையே" என்றான் ஒருநாள்.

"நான் வடக்கே தீவுக்காரி, ஆங்கில்ஸி. மொழி ஒண்ணுதான், ஆனா நான் பேசற தினுசு இங்க பாதிப் பேருக்குப் புரியல. கசாப்புக் கடைக்காரன் என்கிட்ட இங்கிலீஷ்ல பேசறான்."

எம்லின் சிரித்தான். சிரித்தபிறகுதான், சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தான். அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் அவர்கள் ஹீட்டரைப் பற்றியும், பெரிலின் டீயைப் பற்றியும், ஓயாத மழையைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். எதற்காக வருகிறோம் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அங்கே யாரும் அதைக் கேட்பதில்லை.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை அவள் கண்கள் வீங்கியிருந்தன. எம்லின் தன் கைக்குட்டையை நீட்டினான்.

"இன்னிக்கு அவன் பொறந்த நாள்" என்றாள். "என் பையன். இந்த ஊர்ல வேலை பாத்தான். அவன் ரூமைக் காலி பண்ணத்தான் வந்தேன். காலி பண்ண முடியாம அங்கேயே இருக்கேன்."

அவள் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நவம்பர்ல பஸ்ல அடிபட்டுப் போயிட்டான். தவறி விழுந்தானா, தானாப் போய் விழுந்தானான்னு தெரியல. படிக்கற காலத்துல ஒரு தடவை மாத்திரையை முழுங்கினவன். டெய்லோ ரொம்ப அடக்கமான பையன், எதையும் வெளிய சொல்ல மாட்டான். எந்த வேலை செஞ்சாலும் இதுதான் ஓடுது. என்னை வேண்டாம்னு சொல்லிட்டுப் போனானா? அது ஒண்ணு மட்டும் தெரிஞ்சா போதும்."

எம்லின் எழுந்து வெளியே போனான். ஜெபக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். திரும்பி வந்தபோது அவள் தன் ஆலோசகரின் அறைக்குள் போயிருந்தாள். அன்றைக்குத்தான் டெலித்திடம், வெளியே தன்னோடு உட்கார்ந்திருந்தவள் அந்தப் பையனின் தாய் என்பதையும், யாரிடமும் சொல்லாத விஷயத்தையும் சொன்னான்.

"அவன் விழல. எதிர்ப்பக்க நடைபாதையில நின்னு கையைத் தூக்கினான், பஸ்ஸை நிறுத்தச் சொல்லி. நான் பாத்தேன். அன்னிக்கு ரோடு வேலையால வண்டி லேட்டு. அடுத்ததுல வரட்டும்னு நெனச்சு வலது பக்கக் கண்ணாடியைப் பாத்து வண்டியை எடுத்தேன். திரும்பி முன்னாடி பாத்தா அவன் பக்கத்துல வந்துட்டான். ஓடி வந்திருக்கான். பஸ்ஸைப் பிடிக்க."

"இதைப் போலீஸ்ல சொன்னீங்களா?"

"யாரும் கேக்கல. வேகத்தைக் கேட்டாங்க, பிரேக்கைக் கேட்டாங்க, லைட்டைக் கேட்டாங்க. இது என் வாயில வரல."

டெலித்தின் முகம் வெளுத்திருந்தது. "எம்லின், இங்க யார் வர்றாங்க, யார் வரலைன்னு நான் உங்ககிட்ட பேசக் கூடாது. உங்களைப் பத்தியும் வேற யார்கிட்டயும் பேச முடியாது. ஆனா நீங்க ரெண்டு பேரும் ஒரே அறையில உக்காரும்படி ஆனது எங்க தப்பு. அடுத்த வாரத்துலேர்ந்து நீங்க திங்கக்கிழமை வாங்க. அந்தப் பையன் எப்படிச் செத்தான்னு கோர்ட்டுல மரண விசாரணை இலையுதிர் காலத்துல வரும். அங்க இதைச் சொல்லுங்க."

"அது வரைக்கும் அந்தம்மா?"

டெலித் தன் டைரியைத் திறந்து திங்கட்கிழமையில் அவன் பெயரை எழுதினாள்.

வீட்டில் நெரிஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெகுநேரம் பாத்திரம் துலக்கினாள். "நீ சொன்னா அவங்களுக்கு ஒரு கேள்வி தீரும். ஆனா அவங்க வெறுக்கறதுக்கு ஒரு ஆள் கெடைச்சிரும். அது நீ. தாங்குவியா?"

"இப்பத் தாங்குறேனா?"

அடுத்த வியாழக்கிழமை அவன் ஜெபக்கூட வாசலில் தூறலில் நின்றான். எலுனெட் குடையோடு மேலேறி வந்தாள். "என்ன, உள்ள வரலையா? பெரில் டீயைக் கண்டு பயந்துட்டீங்களா?"

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த பஸ்ஸை ஓட்டினது நான்தான்."

அவள் குடையைச் சற்றுத் தாழ்த்தினாள். முகம் தெரியவில்லை. அவன் வேகவேகமாகச் சொன்னான், நிறுத்தினால் தொடர முடியாது என்பதுபோல. "உங்க பையன் தானா விழல. கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னான். பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தான். இதைச் சத்தியமாச் சொல்றேன்."

"எந்தக் கையைத் தூக்கினான்?"

"வலது கை. இடது கையில ஏதோ கடைப்பை."

"பால் இருந்துச்சு அதுல" என்றாள் மெதுவாக. "பாலும் பூனைக்குத் தீனியும். போலீஸ்ல குடுத்தாங்க. சாகப் போறவன் பூனைக்கு வாங்குவானான்னு கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியம் பிடிச்சுது. வாங்கறவங்களும் உண்டுன்னு சொன்னாங்க."

குடை மேலே போயிற்று. அவள் அவனை முதல் தடவையாகப் பார்ப்பவள்போலப் பார்த்தாள்.

"நீ அவனைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"கையைத் தூக்கினதைப் பாத்தே. பாத்துட்டு?"

"அடுத்த பஸ்ல வரட்டும்னு நெனச்சேன்."

மழைநீர் ஜெபக்கூடக் கூரையிலிருந்து குழாய் வழியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. "போ" என்றாள் எலுனெட். "இங்கேர்ந்து போயிரு."

அவன் இறங்கிப் போனான். அவளும் அன்று உள்ளே போகவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. டெய்லோ குடியிருந்த அறையின் ஜன்னலில் வாடகைக்கு என்று பலகை தொங்குவதை நெரிஸ் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

"நான் அவங்களுக்கு நல்லது பண்ணினேனா?" என்று டெலித்திடம் கேட்டான் எம்லின்.

"எனக்குத் தெரியல. தப்புன்னும் சொல்ல மாட்டேன். ஆனா யாரோ ஒருத்தர் நம்பி வந்த இடத்தோட வாசல்ல வச்சு அதைச் சொல்லிட்டீங்க."

கோடையில் அமைப்புக்கு வந்துகொண்டிருந்த நிதியுதவி குறைந்தது. வாரம் ஒருமுறை பார்ப்பது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆயிற்று. மற்ற ஆலோசகர் வேறு ஊருக்குப் போய்விட்டாள். எம்லின் மட்டும் திங்கட்கிழமைகளில் போய்க்கொண்டிருந்தான். பழைய கம்பெனியிலேயே பஸ்களைக் கழுவும் வேலைக்குச் சேர்ந்தான். நிற்கிற பஸ்ஸை அவனால் தொட முடிந்தது.

இலையுதிர் காலத்தில் விசாரணை நடந்தது. எம்லின் நின்றுகொண்டு, கையைத் தூக்கியதையும் தான் பார்த்ததையும் நினைத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னான். விபத்து என்று முடிவு சொன்னார்கள். எதிர்வரிசையில் எலுனெட் தன் தங்கையோடு உட்கார்ந்திருந்தாள். மிகவும் மெலிந்திருந்தாள்.

வெளியே அவளே அவனிடம் வந்தாள்.

"நீங்க சொன்ன பிறகு எனக்குத் தூக்கம் வந்துச்சு. அதைச் சொல்லாம இருக்கறது நியாயமில்ல. ஆனா மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. அது என்னால முடியல."

"தெரியும்."

"அங்க இன்னும் போறீங்களா?"

"போறேன்."

"எங்க பக்கத்துல அப்படி ஒண்ணு இல்ல. இருக்கற இடத்துக்கு ரெண்டு பஸ் மாறிப் போகணும்." அவள் கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். "நான் பஸ்ல ஏறுறதில்ல."

தங்கை காரின் கதவைத் திறந்து பிடித்திருந்தாள். எலுனெட் ஏறிக்கொண்டாள். கார் வளைவில் மறைந்த பிறகும், நெரிஸ் வந்து தோளைத் தொடும்வரை எம்லின் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.