மதலேன் ஊற்றிய தண்ணீர்

"ஞானஸ்நான வார்த்தை எதுவும் சொல்லல, சும்மா தண்ணிதான் தெளிச்சேன்னு சாமிகிட்ட சொல்லிடு மதலேன். அதோட முடிஞ்சிச்சு," என்றார் ராயப்பர்.

அவர் வீட்டுக் கூடத்தில் பங்குச் சாமியார் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சேரி மருத்துவச்சி மதலேன் கொல்லை வாசலில் நின்றாள். பிரசவம் என்றால் உள்ளறை வரை அவளைக் கூப்பிடுவார்கள். பிள்ளை பிறந்துவிட்டால் மறுபடி கொல்லைதான்.

போன வாரம் அடைமழை. கோட்டுச்சேரி ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு வண்டி போகாது. ராயப்பரின் மருமகள் செசீலி பெற்ற பெண் குழந்தை நீலம் பாரித்துக் கிடந்தது.

"ஞானஸ்நானம் இல்லாமப் போயிடப்போவுது, ஊத்து மதலேன்!" என்று அலறியது செசீலிதான்.

சாகக் கிடக்கும் குழந்தைக்கு யாரும் கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்லி மதலேன் ஊற்றினாள். குழந்தை வீறிட்டு அழுதது. அதுதான் வம்பாகப் போயிற்று. செத்திருந்தால் அந்த ஞானஸ்நானத்தைப் பற்றி யாரும் மூச்சுவிட்டிருக்க மாட்டார்கள்.

ஞானஸ்நானம் ஒருவருக்கு ஒரே தடவைதான். மேலத்தெருப் பெண்ணுக்குச் சேரிக்காரி கையாலா என்று நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் சிரிப்பார்களாம்.

மதலேனின் குடிசை இருப்பது ராயப்பர் மனையில். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை. மதலேன் செசீலியைப் பார்த்தாள். குழந்தையை அணைத்தபடி செசீலி தரையைப் பார்த்தாள். பாவம், அந்த வீட்டில் அவளுக்கு மட்டும் என்ன குரல் இருந்தது?

சாமியார் நல்லவர். அதனால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பொய் சொல்ல வேணாம்மா. சரியாச் சொன்னேனான்னு சந்தேகமா இருக்குன்னு சொல்லு, போதும். சந்தேகம்னா நான் திரும்ப ஊத்தலாம்."

கோயிலில் சேரிக்காரர்களுக்கென்று ஒதுக்கிய பக்கக் கூடத்தில் உட்கார்ந்து, எல்லாரும் வாங்கிய பிறகு நற்கருணை வாங்குகிறவள் மதலேன். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டவளுக்கு இது மட்டும் முடியவில்லை. அவள் கூப்பிட்டு ஆண்டவர் வந்தார். வரவில்லை என்று எப்படிச் சொல்வாள்?

"சந்தேகமில்லீங்க சாமி. சொன்னேன்."

ராயப்பர் எழுந்தார். "அப்ப நாளைக்கே மனையக் காலி பண்ணு."

அவளுக்குப் போக்கிடம் எதுவுமில்லை.

"குடிசையைப் பிரிச்சிக்கிட்டுப் போயிடுறேங்க," என்றாள். "புள்ள தலையில ஊத்துனத யாருங்க எடுப்பா?"